10 மாச ஆட்சி... 22 வயசுல வீர மரணம்: தமிழ்நாட்டின் முதல் 'சூப்பர் ஹீரோ'வா செஞ்சி தேசிங்கு ராஜன்? உண்மை எது, கதை எது?

யாராவது கொஞ்சம் கெத்து காட்டினாலே, பெரிய தேசிங்கு ராஜான்னு நினைப்பு என்று கிண்டல் செய்வது தமிழ்நாட்டில் இன்றும் வழக்கம். ஆனால் அந்த தேசிங்கு ராஜன் யார், எந்த ஊரை ஆண்டார், எத்தனை வயதில் இறந்தார் என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள்.

அடக்க முடியாத குதிரை, உயிரைக் கொடுக்கும் நண்பன், பல மடங்கு பெரிய எதிரிப் படை, இளம் வயதில் மரணம். காமிக்ஸ் ஹீரோவுக்கு வேண்டிய எல்லாமே இவர் கதையில் இருக்கிறது. இத்தனைக்கும் இவர் கற்பனைப் பாத்திரம் இல்லை. 300 வருஷத்துக்கு முன்னால் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சிக் கோட்டையில் நிஜமாகவே வாழ்ந்தவர்.

யார் இந்த தேசிங்கு?

இவருடைய உண்மையான பெயர் தேஜ் சிங். தமிழ் மக்களின் வாயில் அது தேசிங்கு ஆகிவிட்டது. பூர்வீகம் தமிழ்நாடு கிடையாது. மத்திய இந்தியாவின் புந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திரக் குடும்பம்.

அப்புறம் எப்படி செஞ்சிக்கு வந்தார்? அதற்கு கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை மதில்களால் இணைத்துக் கட்டிய கோட்டை செஞ்சி. நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள் கையில் இருந்த இந்தக் கோட்டையை 1677-ல் மராட்டிய மன்னர் சிவாஜி பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை. சுமார் 8 ஆண்டுகள் இழுத்த முற்றுகை அது. 1698-ல்தான் கோட்டை விழுந்தது. ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார்.

அதன் பிறகு கோட்டையைக் காக்கும் பொறுப்பை ஔரங்கசீப் ஒப்படைத்தது ஸ்வரூப் சிங் என்ற புந்தேலத் தலைவரிடம். அவருடைய மகன்தான் தேசிங்கு.

சண்டை எதுக்கு வந்தது?

கதைப்பாடல்களில் இது மானப் பிரச்சினை. வரலாற்றில் இது வரிப் பிரச்சினை.

1707-ல் ஔரங்கசீப் இறந்ததும் டெல்லியின் பிடி தளர்ந்தது. தெற்கே முகலாயர்களின் பிரதிநிதியாக இருந்த ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பலம் பெற்றுக்கொண்டிருந்தார். செஞ்சியிலிருந்து வர வேண்டிய கப்பம் பல வருஷமாக வரவில்லை என்பது அவர் தரப்புப் புகார். பாக்கி மட்டும் 70 லட்சம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது.

இந்த நிலையில் 1714-ன் தொடக்கத்தில் ஸ்வரூப் சிங் இறந்துபோனார். செய்தி கிடைத்ததும் மனைவியோடு செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றார் தேசிங்கு. அப்போது அவருக்கு வயது 22 என்கிறார்கள். அப்பா விட்டுச்சென்ற கோட்டையோடு அப்பா விட்டுச்சென்ற கடனும் தலையில் விழுந்தது.

தேசிங்கு தரப்பு வாதம் எளிமையானது. கோட்டையைக் கொடுத்தது பேரரசர், நவாப் இல்லை. பேரரசரின் ஆணை கையில் இருக்கும்போது நவாபுக்கு எதுக்குப் பணிய வேண்டும்? நவாப் தரப்பு இதை ஏற்கவில்லை. ஆணை கொடுத்தவரே இப்போது இல்லை. புதிய பேரரசர் அதைப் புதுப்பிக்க வேண்டும், பாக்கியையும் கட்ட வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. பேச்சுவார்த்தை முறிந்தது. ஆற்காட்டுப் படை செஞ்சியை நோக்கிக் கிளம்பியது.

1714 அக்டோபர் 3: என்ன நடந்தது?

நவாப் படையில் ஆயிரக்கணக்கான வீரர்கள். தேசிங்கு பக்கம் சில நூறு குதிரை வீரர்கள்தான். அரை நூற்றாண்டுக்குள் பெரிய பெரிய படைகளைத் திணறடித்த கோட்டை அது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருந்தால் மாசக்கணக்கில் தாக்குப்பிடித்திருக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தேசிங்கு அதைச் செய்யவில்லை. வெளியே வந்து திறந்த வெளியில் மோதினார். குறுக்கே ஓடிய ஆற்றில் அன்று வெள்ளம் என்றும், அவரோடு கடந்து போனவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் என்றும் சொல்லப்படுகிறது.

செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள கடலி என்ற ஊரை ஒட்டி நடந்த அந்தச் சண்டையில், எதிர்த் தரப்பின் முக்கியத் தளபதிகளில் ஒருவரான தவுலத் கான் கொல்லப்பட்டார். ஆனால் தேசிங்கின் உயிர் நண்பன் மகபத் கானும் விழுந்தார். கடைசியில் துப்பாக்கிக் குண்டு பட்டு தேசிங்கும் களத்திலேயே இறந்தார்.

செஞ்சியில் அவர் ஆண்டது மொத்தமே சுமார் 10 மாதம்.

உடல் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டு, ராஜகிரி அடிவாரத்தில் உள்ள செட்டிக்குளத்தின் கரையில் தகனம் செய்யப்பட்டது. அவருடைய இளம் மனைவியும் அங்கேயே தீயில் இறங்கினார். அந்த ராணியின் நினைவாகத்தான் பாலாற்றங்கரையில் நவாப் ஒரு ஊரை உருவாக்கி ராணிப்பேட்டை என்று பெயர் வைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 2019-ல் தனி மாவட்டமான அதே ராணிப்பேட்டைதான்.

கதை எங்கே ஆரம்பிக்குது?

மரணத்துக்குப் பிறகுதான் தேசிங்கின் இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. ஊர் ஊராகப் பாடப்பட்ட கதைப்பாடலில் அவருக்கு ஒரு பூர்வ கதை கிடைத்தது. டெல்லி பாதுஷாவிடம் யாராலும் ஏற முடியாத குதிரை ஒன்று இருந்ததாம். அதை அடக்க முடியாமல் சிறைப்பட்டார் அப்பா. மகன் போய் அதே குதிரையை அடக்கி அப்பாவை மீட்டார். அந்தக் குதிரையின் பெயர் பாராசாரி. நண்பனின் குதிரைக்குப் பெயர் நீலவேணி.

நண்பனின் கதை இன்னும் உருக்கமானது. கல்யாணப் பந்தலில் இருந்த மகபத் கானுக்குப் போர்ச் செய்தி வருகிறது. தாலிச் சடங்கை அப்படியே விட்டுவிட்டுக் குதிரை ஏறுகிறார். ராஜபுத்திர ராஜாவுக்காக ஒரு முஸ்லிம் வீரர் உயிர் கொடுத்த இந்த நட்புதான் கதையைக் கேட்டவர்கள் மனசில் அதிகமாகத் தங்கியது.

சிங்கவரம் மலையில் பள்ளிகொண்ட ரங்கநாதர், போருக்குப் போகாதே என்று தடுத்தும் தேசிங்கு கேட்கவில்லையாம். அதனால் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று செஞ்சி வட்டாரத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

காமிக்ஸ் வருவதற்கு முன்பே...

முகமூடி வீரர் ஃபேன்டம் அமெரிக்காவில் அறிமுகமானது 1936-ல். சூப்பர்மேன் வந்தது 1938-ல். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் மூலம் இரும்புக்கை மாயாவி தமிழில் வந்தது 1972-ல். இவர்கள் எல்லாம் வருவதற்கு முன்பே, மலிவு விலை அச்சுப் புத்தகத்தில் தமிழ்நாட்டுச் சந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்த ஹீரோ தேசிங்கு.

அவைதான் 'பெரிய எழுத்து' புத்தகங்கள். மதுரை வீரன், நல்லதங்காள், அல்லி அரசாணி மாலை வரிசையில் தேசிங்கு ராஜன் கதையும் வந்தது. மட்டமான தாள், பெரிய பெரிய எழுத்து, நடுநடுவே படம். விளக்கு வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். சென்னையில் இயங்கிய பி. இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் இந்த வகைப் புத்தகங்களுக்குப் பேர்போன பதிப்பகம்.

சூப்பர்மேன் முதலில் தோன்றிய இதழ் அன்று 10 சென்ட். அதன் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பெரிய எழுத்துப் புத்தகங்களுக்கு அப்படி ஒரு யோகம் வரவில்லை. படித்துக் கிழிந்தன, கரையான் தின்றது, பழைய பேப்பர் கடைக்குப் போயின. தப்பியவற்றைக் காப்பாற்றியது சேகரிப்பாளர்கள்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்க அச்சுப் புத்தகங்களைத் திரட்டினார். 1992-ல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பை வைத்து 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

வீட்டுப் பரணில் இப்படி ஒரு பழைய புத்தகம் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது தலைப்புப் பக்கம். பதிப்பகம், அச்சகம், ஆண்டு, விலை அங்கேதான் இருக்கும். மறுபதிப்புகள் நிறைய வந்திருப்பதால், அட்டையை மட்டும் பார்த்து வயசைக் கணிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாமல் இருப்பது நல்லது; அதன் பசை தாளைப் பழுப்பாக்கிவிடும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*தேசிங்கு எப்படி இறந்தார்?* வரலாற்றின்படி துப்பாக்கிக் குண்டு பட்டு. கதைப்பாடலின்படி நண்பன் இறந்த துக்கத்தில், வாளை மேலே எறிந்து அதைத் தன் மார்பில் ஏந்தி.

*செஞ்சிக் கோட்டையைக் கட்டியது தேசிங்கா?* இல்லை. அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே கோட்டை இருந்தது.

*எம்.ஜி.ஆர். படம் வரலாறுதானா?* 1960-ல் வெளியான ராஜா தேசிங்கு படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். தேசிங்கின் எதிரெதிர் பக்கத்தில் ஒரு சகோதரன் வருவது சினிமாவுக்காகச் சேர்த்தது.

*வரலாற்றை எங்கே படிக்கலாம்?* பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி எழுதி 1943-ல் வெளியான செஞ்சி வரலாற்று நூல் இன்றும் முக்கியமான ஆதாரம்.

ஜெயித்தவர் பெயர் ஞாபகம் இருக்கா?

போரில் ஜெயித்தது சாதத்துல்லா கான். ஆனால் அவரைப் பற்றி யாரும் திண்ணையில் ராகம் போட்டுப் படிக்கவில்லை. செஞ்சியை நவாபிடமிருந்து 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். அவர்கள் பெயரும் ஊருக்குள் தங்கவில்லை. வேறு மொழி பேசும் குடும்பத்தில் பிறந்து, பத்தே மாதம் ஆண்டு, தோற்றும் போன ஒரு இளைஞனைத்தான் தமிழ் மக்கள் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள்.

2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் ராஜகிரி உச்சிக்கு ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் உள்ள செட்டிக்குளத்தில் ஒரு நிமிஷம் நிற்கலாம். குதிரையும் பாட்டும் இல்லாத நிஜ தேசிங்கின் கதை முடிந்த இடம் அதுதான்.