இராமானுஜன் தெரிவுசெய்த பாடம்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல தமிழ் இல்லங்களில் ஒரே விவாதம் தொடங்கிவிடுகின்றது. கணிதத்தில் அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சேர்வதா, வேறு பிரிவை நாடுவதா என்பதே அது. இவ்விவாதத்தில் இரு தரப்பாரும் துணைக்கழைக்கும் பெயர் சீனிவாச இராமானுஜன். கணிதத்தால் உலகப் புகழ் பெற்ற தமிழர் என்பார் ஒருவர். கணிதமே கதியென்றிருந்து பரீட்சையில் தோற்றவரல்லவா என்பார் மற்றவர். இரண்டும் உண்மையே. எமது பிள்ளைகளின் வயதில் அவர் எதிர்கொண்டது என்ன என்பதைச் சற்று நோக்குவோம்.

1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில் பிறந்த இராமானுஜன், கும்பகோணத்தில் துணிக்கடை எழுதுவினைஞர் ஒருவரின் மகனாக வளர்ந்தார். 1903ஆம் ஆண்டில், பதினாறாவது வயதில், ஜி.எஸ்.கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. ஏறக்குறைய 5000 கணித முடிவுகள், பெரும்பாலும் விரிவான நிறுவல்களின்றி, அதில் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. அந்நூலாசிரியர் பெரும் ஆராய்ச்சியாளரல்லர். மாணவரைப் பரீட்சைக்குத் தயார்படுத்திய தனியார் ஆசிரியர். இன்றைய வழக்கிற் சொன்னால் அது ஒரு 'டியூஷன்' குறிப்பேடு. மற்றவர்கள் மனனஞ் செய்யும் அத்தகைய குறிப்பேட்டை இந்தச் சிறுவன் ஒவ்வொன்றாக நிறுவிப் பார்க்கத் தலைப்பட்டான் என்பதே வேறுபாடு.

1904இல் கணிதப் பரிசுடன் பாடசாலைக் கல்வியை முடித்து, புலமைப்பரிசிலுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியின் எஃப்.ஏ. வகுப்பில் அவர் சேர்ந்தார். இரண்டாண்டுகள் கொண்ட அவ்வகுப்பு எமது உயர்தரத்தை ஒத்தது. ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க உரோம வரலாறு, உடற்றொழிலியல் ஆகியவற்றையும் அங்கு கற்றாக வேண்டும். அவரோ எப்பாட வேளையிலும் கணிதமே செய்தார். ஆங்கிலத்திற் தோற்றார், புலமைப்பரிசில் பறிபோனது. 1905இல், பதினேழு வயதில், வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார்.

அவர் பரீட்சையை இகழ்ந்தவரல்லர் என்பதை நாம் அழுத்திக்கூற விரும்புகின்றோம். மேதைக்குச் சான்றிதழ் எதற்கு என்று மேடைகளிற் பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து அதே பரீட்சைக்கு மீண்டும் முயன்றார். கணிதத்திற் சித்தி, ஏனையவற்றிற் தோல்வி. பட்டமின்றேல் உத்தியோகமில்லை என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆயினும் மனம் வேறொன்றிற் பதியவில்லை. அதன்பின் சில ஆண்டுகள் வேலையின்றி, கடதாசி வாங்கவும் வசதியின்றிக் கற்பலகையிற் கணக்குச் செய்து கழித்தார்.

அவரை மீட்டவர்கள் மனிதர்களே. நெல்லூர் மாவட்டக் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா கொடுத்துதவினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞர் பதவி கிடைத்தது. அங்கு மேலதிகாரியான நாராயண ஐயரும் கணிதம் பயின்றவராக இருந்தமை நல்லூழ். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். எஃப்.ஏ. சித்தியெய்தாதவருக்கு அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவி வழங்கியது. 1914இல் இங்கிலாந்து சென்றார்; 1918இல் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

எமது நாட்டில் இணைந்த கணிதத்தை விரும்பும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பௌதிகவியலையும் இரசாயனவியலையும் உடன் கற்கின்றனர். உயர்கணிதம் என்றொரு பாடம் இருப்பினும் அதனை எடுப்போர் மிகச் சிலரே. ஆகவே, கணிதத்தில் மாத்திரம் நாட்டமுள்ள பிள்ளைக்குக் கும்பகோணத்து இடர் இன்றும் உண்டு. அதற்கு நேர்மாறான துன்பத்தையே நாம் கொழும்பில் அதிகம் காண்கின்றோம். கணிதத்தில் நாட்டமேயில்லாத பிள்ளை, பொறியியலாளராக வேண்டுமென்ற பெற்றோரின் ஆசைக்காக, விடியற்காலை வகுப்புக்கும் இரவு வகுப்புக்குமிடையே காலி வீதியில் பேருந்துக்குக் காத்து நிற்கின்றது. சாதாரண தரத்துப் புள்ளி, பிள்ளை அப்பாடத்தைச் செய்யவல்லதென்பதைக் காட்டும். இரண்டாண்டுகள் அதனோடு வாழ விரும்புகின்றதா என்பதைக் காட்டாது. விடுமுறை நாளில், எவரும் ஏவாமல், பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுக்கின்றது என்று பெற்றோர் கவனித்ததுண்டா? கும்பகோணத்தில் அந்தத் தாய் அதனைக் கண்டிருந்தார், கல்லூரி காணவில்லை.

நோயுற்று 1919இல் நாடு திரும்பிய இராமானுஜன் 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னையில் காலமானார். அப்போது வயது 32. பரீட்சைகளிற் தோற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் எழுதிவந்த குறிப்பேடுகளில் 3000க்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தன. அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பேர்ண்ட் அவற்றை நிறுவி வெளியிட்ட ஐந்து தொகுதிகளில் இறுதியானது 1998இல் வெளிவந்தது.