சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? ஏ.கே.கோபாலன் எழுப்பிய கேள்வி... 28 ஆண்டுகள் கழித்து வந்த பதில்!

1947 ஆகஸ்ட் 15. நாடே சுதந்திரத்தைக் கொண்டாடியது. ஆனால், விடுதலைப் போராட்ட வீரர் ஒருவர் அன்றும் கண்ணூர் சிறைக்குள்தான் இருந்தார். அவர் ஏ.கே.கோபாலன். கேரள மக்களுக்கு ஏ.கே.ஜி.

யார் இந்த ஏ.கே.ஜி?

1904-ல் கண்ணூர் பகுதியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுப் போராட்டத்தில் குதித்தார். காங்கிரஸில் தொடங்கி கம்யூனிஸ்ட் ஆனார். 1941-ல் வேலூர் சிறையிலிருந்தே தப்பியவர்!

வழக்கு என்ன?

வெளியே வந்தவரை 1947 டிசம்பரில் மீண்டும் பிடித்தார்கள். கிரிமினல் வழக்குகளில் கிடைத்த தண்டனைகள் ரத்தாகியும் சென்னை மாகாண அரசு விடவில்லை. 1950-ல் புதிதாக வந்த தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ், சிறையில் இருந்தவரிடமே மறுபடியும் உத்தரவு கொடுத்தது.

அரசியல் சாசனம் அமலுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. உச்ச நீதிமன்றம் போனார் ஏ.கே.ஜி. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க ஏதோ ஒரு சட்டம் இருந்தால் போதுமா, அது நியாயமாகவும் இருக்க வேண்டாமா? இதுதான் வழக்கின் சாரம்.

தீர்ப்பு என்னாச்சு?

1950 மே மாதம் தோற்றார். முறைப்படி இயற்றிய சட்டம் இருந்தால் போதும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி ஃபசல் அலி மட்டும் உறுதியாக மாறுபட்டார். ஆனால் ஒரு வெற்றி உண்டு. காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூட சொல்லக் கூடாது என்ற 14-வது பிரிவு ரத்தானது.

அப்புறம்?

1951-ல் விடுதலை. 1952 தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். தொடர்ந்து 5 முறை எம்.பி. 1975 எமர்ஜென்சியில் திரும்பவும் கைது. வெளியே வந்ததும் நாடாளுமன்றத்திலேயே அதை எதிர்த்துப் பேசினார். எமர்ஜென்சி முடிந்த மறுநாள், 1977 மார்ச் 22-ல் காலமானார்.

பத்தே மாதத்தில், 1978 ஜனவரியில், மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய நிலைப்பாட்டை மாற்றியது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதன் நடைமுறை நியாயமாகவும் இருக்கணும் என்றது. ஏ.கே.ஜி கேட்டதும் அதைத்தானே!

நமக்கென்ன?

குண்டர் சட்டக் கைதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது என்று அடிக்கடி செய்தி படிக்கிறோம். கைதுக்கான காரணத்தை நீதிபதி கேட்டுப் பார்க்க முடிவதால்தான் அது நடக்கிறது. அரசும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்பதுதான் சட்டத்தின் ஆட்சி. அந்தக் கதவில் முதலில் தட்டியவர்களில் ஒருவர், தோற்றுப்போன இந்தக் கைதி.