கண் டெஸ்ட்டில் ரிஜெக்ட்... பிறகு காலேஜ் மாணவராகவே பகுதிநேர சிப்பாய்! நேதாஜி முதன்முதலில் துப்பாக்கி பிடித்த கதை

1917-ம் ஆண்டின் தொடக்கம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வங்காளிகளுக்கென்று புதிதாக அமைக்கப்பட்ட 49-வது பெங்காலி ரெஜிமென்ட்டில் சேர, கல்கத்தாவில் மெடிக்கல் டெஸ்ட்டுக்குப் போகிறார் 20 வயது இளைஞர் ஒருவர். எல்லாவற்றிலும் தேறிவிட்டார், ஒன்றைத் தவிர. கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் பெயர் சுபாஷ் சந்திர போஸ்.

பின்னாளில் பிரிட்டிஷாருக்கு எதிராக ஒரு படையையே நடத்திய நேதாஜி, முதலில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேரத்தான் முயன்றார் என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். அதைவிட ஆச்சரியம், கண் டெஸ்ட்டில் தோற்ற அதே ஆள், கொஞ்ச நாளிலேயே காக்கி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பிரிட்டிஷ் அதிகாரியின் கீழ் டிரில் செய்தார். ரெகுலர் ராணுவத்தில் அல்ல, பி.ஏ. படித்துக்கொண்டே, பல்கலைக்கழக மாணவர்களுக்கான ரிசர்வ் படைப்பிரிவில்.

காலேஜிலிருந்து வெளியே

கதை கட்டாக்கில் தொடங்குகிறது. 1897 ஜனவரி 23-ல் அங்கே பிறந்த சுபாஷ், வழக்கறிஞர் ஜானகிநாத் போஸின் மகன். மெட்ரிகுலேஷனில் பல்கலைக்கழக அளவில் இரண்டாம் இடம். 1913-ல் கல்கத்தா பிரசிடென்சி காலேஜ். படிப்பில் கெட்டி. ஆனால் மனசு முழுக்க விவேகானந்தர், துறவு, தியானம். வீட்டில் சொல்லாமல் குருவைத் தேடி வட இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டு வந்த கதையும் உண்டு.

1916-ல்தான் சிக்கல். ஓட்டன் என்ற ஆங்கிலேய வரலாற்றுப் பேராசிரியர் மாணவர்களிடம் கை வைத்துவிட்டதாகப் புகார் எழுந்தது. ஸ்டிரைக், சமாதானம், மறுபடி ஒரு தகராறு. பிப்ரவரியில் மாணவர்கள் சிலர் காலேஜுக்குள்ளேயே ஓட்டனை அடித்துவிட்டார்கள். அந்த அடிதடியில் சுபாஷின் பங்கு என்ன என்பது இன்றும் விவாதம்தான். சம்பவத்தை நேரில் பார்த்ததாக அவரே பிறகு எழுதினார். ஆனால் விசாரணைக் கமிட்டி முன்பு, மாணவர்கள் செய்ததை நிபந்தனையில்லாமல் கண்டிக்க அவர் தயாராக இல்லை. காலேஜிலிருந்து நீக்கினார்கள். பல்கலைக்கழகமும் கதவை மூடியது.

சுமார் ஓராண்டு கட்டாக்கில். படிப்பு போச்சு. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சேவைதான் வேலை. அப்புறம் பல்கலைக்கழகம் அனுமதிக்குமா என்று பார்க்கக் கல்கத்தா திரும்பினார். அந்த இடைவெளியில்தான் 49-வது பெங்காலி ரெஜிமென்ட் முயற்சி. அதே ரெஜிமென்ட்டில் அதே 1917-ல், ஸ்கூல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சேர்ந்தவர் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம். நஸ்ருலுக்குக் கிடைத்த இடம் சுபாஷுக்குக் கிடைக்கவில்லை.

வங்காளிகளுக்கு ஏன் இத்தனை ஆர்வம்?

இங்கே கொஞ்சம் பின்னணி தெரிய வேண்டும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, பிரிட்டிஷ் ராணுவம் இந்தியர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. சண்டை போடத் தகுதியான இனங்கள், தகுதியில்லாத இனங்கள். சீக்கியர், கூர்க்கா, பதான் போன்றவர்கள் முதல் பட்டியலில். படித்த வங்காளி இரண்டாவது பட்டியலில். (சென்னை மாகாணத்துக்காரர்களும் இதில் தப்பவில்லை. 1880-களில் மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், மெட்ராஸ் சிப்பாய்கள் முன்பு போல் இல்லை என்று முடிவு கட்டியவர். அதன் பிறகு தெற்கிலிருந்து ஆள் எடுப்பது குறைந்துகொண்டே போனது.)

இதில் அறிவியல் எதுவும் கிடையாது. கேள்வி கேட்கிறவன் கையில் துப்பாக்கி வேண்டாம் என்ற கணக்குதான் பெரும்பங்கு. ஆனால் கோழை என்ற முத்திரை வங்காள இளைஞர்களை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஆக, ராணுவத்தில் சேர ஆசைப்பட்ட எல்லோரும் பிரிட்டிஷ் ராஜாவுக்கு விசுவாசிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த முத்திரையை அழிக்க வேண்டும் என்ற வெறியும் அதில் இருந்தது.

போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் அரசு இறங்கி வந்தது. 1916-ல் வங்காளிகளுக்குத் தனி அணி. 1917-ல் 'இந்தியா டிஃபென்ஸ் ஃபோர்ஸ்' என்ற உள்நாட்டுக் காவல் படைக்குச் சட்டம் வந்தது. ரெகுலர் படைகள் வெளிநாட்டில் சண்டை போடும்போது உள்ளூரைப் பார்த்துக்கொள்ளும் ரிசர்வ் படை அது. இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்களுக்கு அதில் சேவை கட்டாயம். இந்தியர்களுக்கு விருப்பம் இருந்தால் சேரலாம். இதன் ஒரு பகுதியாகவே பல்கலைக்கழக மாணவர்களுக்கான பிரிவுகளும் தொடங்கப்பட்டன.

மறுபடியும் டெஸ்ட்

1917 ஜூலையில் சுபாஷுக்கு அதிர்ஷ்டம் திரும்பியது. பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜின் முதல்வர் உர்குவார்ட், பழைய விவகாரத்தைப் பெரிதுபடுத்தாமல் பி.ஏ. தத்துவத்தில் இடம் கொடுத்தார். இரண்டு வருஷம் வீணாகிவிட்ட ஒரு மாணவர் என்ன செய்திருக்க வேண்டும்? மூலையில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். சுபாஷ், மாணவர் படைப்பிரிவுக்குப் பெயர் கொடுத்தார்.

ரிசர்வ் பிரிவு என்பதால் உடல்தகுதி விதிகள் ரெகுலர் படை அளவுக்குக் கறாராக இல்லை. கண் பரிசோதனை இந்த முறை தடையாக வரவில்லை. சேர்த்துக்கொண்டார்கள்.

பயிற்சி கல்கத்தாவின் வில்லியம் கோட்டையை ஒட்டிய மைதானத்தில். டென்ட் போட்டு கேம்ப். சுமார் நான்கு மாதம். அதன் பிறகு பெல்காரியாவில் மூன்று வாரம் துப்பாக்கி சுடும் பயிற்சி. பொறுப்பாளர் கேப்டன் கிரே. ஸ்காட்லாந்துக்காரர். சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவர். முரட்டுக் குரல், முரட்டுப் பேச்சு, ஆனால் உள்ளே நல்ல மனிதர். புத்தகம் சுமக்கும் இந்தப் பையன்களைச் சிப்பாயாக்க முடியும் என்று கோட்டையிலிருந்த மற்ற பெரிய அதிகாரிகள் நம்பவில்லை. கிரே நம்பினார். சில வாரங்களிலேயே பையன்கள் அணிவகுப்பில் தேறிவிட்டார்கள். மாணவர்களும் அவருக்காக எதையும் செய்யத் தயாரானார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஓட்டனும் பிரிட்டிஷ்காரர், கிரேயும் பிரிட்டிஷ்காரர். ஒருவர் விவகாரத்தில் காலேஜை விட்டே போனவர், இன்னொருவர் அதட்டினால் விறைப்பாக நிற்கிறார். அதட்டல் பிரச்சினையாக இல்லை, அவமதிப்புதான் பிரச்சினை. ஒரு வருஷத்துக்கு முன்பு இதை விசாரணைக் கமிட்டிக்கு எத்தனை சொல்லியும் புரியவைக்க முடியாமல் போயிருந்தது.

இந்த நாட்களைப் பற்றி சுபாஷ் 20 வருஷம் கழித்து, 1937 டிசம்பரில், ஆஸ்திரியாவின் பாட்காஸ்டைன் ஊரில் தங்கியிருந்தபோது எழுதிய சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். அதில் ஒரு காட்சி முக்கியம். துப்பாக்கி வாங்க வில்லியம் கோட்டைக்குள் அணிவகுத்துப் போகிறார்கள். சாதாரண இந்தியன் நுழைய முடியாத கோட்டை. சிப்பாய் என்ற காரணத்தால் வாசல் திறக்கிறது. தங்களுக்குச் சொந்தமான, ஆனால் அநியாயமாகப் பறிக்கப்பட்ட ஒன்றைத் திரும்பக் கையில் வாங்கியதுபோல அவருக்குத் தோன்றியிருக்கிறது. குருவைத் தேடிச் சாமியார்களின் காலடியில் உட்கார்ந்திருந்த பையன், தோளில் துப்பாக்கியோடு நிற்கிறான். இந்த மாற்றம் அவருக்கே வியப்பாக இருந்தது.

படிப்பு? பாதிக்கத்தான் செய்தது. கேம்ப் முடிந்த பிறகு தீவிரமாக உட்கார்ந்து படித்தார். 1919-ல் பி.ஏ. தத்துவத்தில் முதல் வகுப்பு, தரவரிசையில் இரண்டாம் இடம்.

கேம்பிரிட்ஜில் மூடிய கதவு

அதே ஆண்டு ஐ.சி.எஸ். தேர்வுக்காக இங்கிலாந்து. கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் ஹால் மாணவர். அங்கே பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை என்று ஒன்று இருந்தது. படித்துக்கொண்டே ராணுவப் பயிற்சி பெறலாம். பிரிட்டிஷ் மாணவர்கள் சேரலாம். இந்திய மாணவர்கள் சேரக் கூடாது.

கல்கத்தாவில் ராணுவமே கூப்பிட்டுத் துப்பாக்கி கொடுத்தது. கேம்பிரிட்ஜில் ஏன் முடியாது? இந்திய மாணவர்களின் சங்கமான மஜ்லிஸ் இந்தக் கேள்வியை லண்டன் வரை கொண்டுபோனது. பேசப் போன இருவரில் ஒருவர் கே.எல். கௌபா, இன்னொருவர் சுபாஷ். இந்தியா அலுவலகத்தில் துணை அமைச்சர் லிட்டன் பிரபு அவர்களைச் சந்தித்தார். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, போர் அலுவலகம்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர் பதில். காரணம் என்ன? பிரிட்டிஷ் மாணவர்களுக்குப் பிடிக்காது என்பது ஒன்று. அந்தப் பயிற்சியை முடிப்பவர்களுக்கு பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி பதவிக்குத் தகுதி வந்துவிடும் என்பது இன்னொன்று. எங்களுக்குப் பதவி வேண்டாம், பயிற்சி மட்டும் கொடுங்கள் என்று மாணவர்கள் இறங்கி வந்தார்கள். அப்புறம் விசாரித்தால், போர் அலுவலகம் பழியை இந்தியா அலுவலகத்தின் மீது போட்டது. இங்கே கேட்டால் அங்கே, அங்கே கேட்டால் இங்கே. கதவு திறக்கவே இல்லை.

ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடம் பிடித்த சுபாஷ் 1921 ஏப்ரலில் அந்த வேலையை உதறினார். அதற்கு முக்கியக் காரணங்கள் வேறு. ஆனால் இந்த அலைச்சலும் அவர் மறக்காத அனுபவம். லிட்டன் பிரபு? 1922-ல் வங்காள கவர்னராக வந்தார். அவர் பதவியில் இருந்தபோதுதான், 1924 அக்டோபரில், சுபாஷ் விசாரணை இல்லாமல் கைது செய்யப்பட்டு பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அந்த மாணவர் படை என்ன ஆச்சு?

போர் முடிந்ததும் இந்தியா டிஃபென்ஸ் ஃபோர்ஸ் கலைக்கப்பட்டது. 1920-ல் இந்தியன் டெரிட்டோரியல் ஃபோர்ஸ் சட்டம் வந்து, மாணவர் பிரிவுகள் யூனிவர்சிட்டி டிரெய்னிங் கோர் ஆயின. இரண்டாம் உலகப்போரின்போது அதன் பெயர் மறுபடி மாறியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல், அந்த இடத்துக்கு வந்ததுதான் இன்றைய என்.சி.சி. அதில் சேர்ந்தாலே போருக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாக ராணுவத்தில் பணியாற்ற விரும்புகிறவர்களுக்கு டெரிட்டோரியல் ஆர்மி தனியாக இருக்கிறது. 1949 அக்டோபர் 9-ல் அதைத் தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி.

தந்தி போன இடம்

1928 டிசம்பர், கல்கத்தா காங்கிரஸ் மாநாடு. தொண்டர் படைக்குப் பொறுப்பு சுபாஷ். காங்கிரஸ் தொண்டர் என்றால் கதர்ச் சட்டையோடு தண்ணீர் கொடுப்பவர் என்றிருந்த காலம். அவர் அதை ஒரு படையாகவே மாற்றிவிட்டார். யூனிஃபார்ம், ரேங்க், டிரில், சல்யூட். பெண்களுக்கும் தனி அணி. தனக்கு ஜி.ஓ.சி. என்ற ராணுவப் பதவிப் பெயர். யூனிஃபார்ம் தைத்தது கல்கத்தாவின் ஹார்மன் என்ற பிரிட்டிஷ் தையல் நிறுவனம். அவருக்கு ஜி.ஓ.சி. என்று முகவரியிட்டு வந்த ஒரு தந்தி, வில்லியம் கோட்டையில் இருந்த நிஜ பிரிட்டிஷ் ஜெனரலிடம் போய்ச் சேர்ந்துவிட, ஆங்கிலப் பத்திரிகைகள் கிண்டலடித்தன. காந்திக்கும் இந்த பூட்ஸ் சத்தம் ரசிக்கவில்லை, சர்க்கஸோடு ஒப்பிட்டார்.

கிண்டலில் கொஞ்சம் நியாயம் இருந்தது. நான்கு மாத கேம்ப் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஜெனரல் பட்டம் என்பது அதிகம்தான். ஆனால் அந்தத் தொண்டர் படை மாநாட்டோடு காணாமல் போகவில்லை. பெங்கால் வாலண்டியர்ஸ் என்ற பெயரில் நீடித்தது. 1930-ல் கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்குக்குள் புகுந்து சிறைத்துறைத் தலைவரைச் சுட்ட பினாய், பாதல், தினேஷ் மூவரும் அதிலிருந்து வந்தவர்கள்.

சிங்கப்பூர், 1943

1943 ஜூலை 4-ல் சிங்கப்பூரில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இயக்கத்தின் தலைமையை ஏற்றார் நேதாஜி. இந்திய தேசிய ராணுவத்தில் பிரிட்டிஷ் படையிலிருந்து வந்த போர்க்கைதிகள் ஒரு பக்கம். வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத சாதாரண மக்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தில் மலேயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள், குமாஸ்தாக்கள், கடைப் பையன்கள். பிரிட்டிஷ் கணக்குப்படி இவர்களும் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள்.

பெண்கள் படை வேண்டும் என்று நேதாஜி சொன்னபோது பலர் நம்பவில்லை. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்துவிட்டு சிங்கப்பூரில் டாக்டராக இருந்த லட்சுமி சுவாமிநாதன், வீடு வீடாகப் போய்ப் பேசி 20 பெண்களைச் சேர்த்தார். ஜூலை 12-ல் அவர்கள் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். புடவையில், கையில் கனமான .303 ரைஃபிளோடு. பயிற்சி எடுத்ததோ சில நாட்கள்தான். அக்டோபர் 22-ல் ஜான்சி ராணி ரெஜிமென்ட்டின் பயிற்சி முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலேயாவில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

சாதாரண ஆட்களைச் சில மாதங்களில் சிப்பாயாக்கிவிடலாம் என்று நேதாஜி இத்தனை உறுதியாக நம்பியதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் 1917-ல் வில்லியம் கோட்டை மைதானத்தில் அது நடந்ததை அவர் வரிசையில் நின்று பார்த்திருந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் அவருக்குக் கிடைத்த ஒரே முறையான ராணுவப் பயிற்சியும் அதுதான். இந்த நம்பிக்கைக்கு விலையும் இருந்தது. இம்பாலை நோக்கிய 1944 படையெடுப்பில், ஆயுதமும் சாப்பாடும் மருந்தும் போதாமல் பல வீரர்கள் இறந்தார்கள். ஒரு படையை நடத்தத் தேவையான சப்ளை, போக்குவரத்து எல்லாம் ஜப்பானியரின் கையில் இருந்தது.

ஜான்சி ராணி ரெஜிமென்ட் பெண்களில் ஒரு பகுதியினர் 1944-ல் பர்மாவுக்குப் போனார்கள். அவர்களது முகாம் மேம்யோ என்ற மலை ஊரில் இருந்தது. முன்களத்தில் சண்டையிட அவர்களுக்கு வாய்ப்பு வரவில்லை, காயமடைந்தவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். மேம்யோவிலிருந்து மலை இறங்கினால் மாண்டலே. 1925 முதல் சுபாஷ் அடைபட்டிருந்த சிறை அங்கேதான் இருந்தது.