வல்லம் தந்த கணித மேதை

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5ஆம் நாள், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். ஓராண்டில் தாயை இழந்தார். பள்ளி இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். படிப்பு நின்றுவிடும் நிலையில், சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் தம் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் பொருளுதவி செய்தார். ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த நமக்கு அவரே முதலில் வணங்கத்தக்கவராகத் தோன்றுகிறார்.

நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்ற பிள்ளை, 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அடுத்தடுத்த எண்களைப் பெருக்கிவரும் பேரெண், எத்துணைப் பெரிதாயினும், வர்க்கமாகவோ கனமாகவோ அமையாது என்பதை நிறுவ அறிஞர்கள் முயன்றுவந்தனர். அவ்வழியில் 1940இல் பிள்ளை ஓர் அரிய உண்மையைக் கண்டார். அடுத்தடுத்த எண்கள் பதினாறு வரை எங்கிருந்து எடுத்தாலும், அவற்றுள் ஒன்றேனும் ஏனையவற்றோடு 1 தவிர வேறு பொது வகுத்தி இல்லாமல் தனித்து நிற்கும். பதினேழானால் அவ்வுறுதி இல்லை. 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். பதினேழும் பகு எண்களே. 2189 தனித்தது போலத் தோன்றும். ஆனால் அதையும் 2200ஐயும் 11 வகுக்கும். 2197, பதின்மூன்றின் கனம். 2184இலும் பதின்மூன்று உண்டு. பேரக்குழந்தைகளுடன் ஒரு மாலைப்பொழுதுக்கு இது போதும்.

எந்த எண்ணையும் 73க்கு மிகாத ஆறாம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்றும் அவ்வாண்டே நிறுவினார்.

1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனம் ஓராண்டுக்கு அழைத்தது. ஆகஸ்ட் 31 அன்று அவர் சென்ற விமானம் கெய்ரோ அருகே வீழ்ந்தது. வயது 49. பெருக்கற்பலன் பற்றிய முழு விடையை 1975இல் எர்டோஷும் செல்ஃப்ரிட்ஜும் கண்டனர்.