ஜோர்ஜ் பீபொடி: பாடசாலையை இழந்தவர் விட்டுச்சென்ற பாடசாலைகள்

லண்டன் மாநகரின் வர்த்தக மையத்தில், றோயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குப் பின்புறம், நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரின் வெண்கலச் சிலை உள்ளது. அவர் அரசருமல்ல, படைத்தளபதியுமல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த வணிகர் ஜோர்ஜ் பீபொடி. ஆசிரியர் கலாசாலையில் பயின்று, இன்றும் வகுப்பறையில் நிற்கும் எனக்கு, அவர் சேர்த்த செல்வத்தைவிட அதை அவர் கொடுத்த விதமே முக்கியமாகப் படுகிறது.

1795இல் மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பதினொரு வயதளவில் படிப்பு நின்றது. பலசரக்குக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1811இல் தந்தை காலமானதும் குடும்பச் சுமை அந்த இளம் தோளில் விழுந்தது. பால்டிமோர் நகரில் துணி வணிகத்தில் முன்னேறி, 1837இல் லண்டனில் குடியேறி, வங்கியாளராகப் பெரும் தனவந்தரானார். திருமணம் செய்யவில்லை. தன் சொந்தச் செலவில் கடும் சிக்கனக்காரர்.

1862இல் லண்டன் ஏழைகளின் வீட்டு வசதிக்காக 150,000 பவுண் கொடுத்தார். பின்னர் அத்தொகை 500,000 பவுண் வரை உயர்ந்தது. மதமோ அரசியல் சார்போ காரணமாக எவரும் ஒதுக்கப்படக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. முதலாவது குடியிருப்பு 1864இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் திறக்கப்பட்டது. வாடகையை முன்கூட்டியே செலுத்த வேண்டியிருந்ததால், நாட்கூலி உறுதியில்லாத மிக வறியவர்கள் அங்கு நுழைவது கடினமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அந்த அறக்கட்டளை இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைப் பராமரிக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் சிதைந்து கிடந்தபோது, 1867இல் அங்கு கல்விக்காக 10 இலட்சம் டொலரும், 1869இல் மேலும் 10 இலட்சமும் ஒதுக்கினார். இந்த நிதி முழுச் செலவையும் ஏற்கவில்லை. ஊர் மக்களும் தம் பங்கைச் சேர்த்தால் மட்டுமே உதவி கிடைத்தது. அதனால் பாடசாலை ஊராரின் சொந்தப் பொறுப்பானது. ஆசிரியர் இல்லாமல் கட்டடத்தால் பயனில்லை என்பதை உணர்ந்து, நாஷ்வில் நகரில் 1875இல் ஆசிரியர் கலாசாலை தொடங்கவும் இந்நிதி துணைநின்றது.

ஆனால் இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். தேவையைத் தவிர வேறு எந்த வேறுபாடும் பாராமல் முழு மக்களுக்கும் இந்நிதி பயன்பட வேண்டும் என்றே பீபொடி எழுதிக் கொடுத்திருந்தார். நிர்வகித்தவர்களோ, வெள்ளையினப் பாடசாலைகளுக்குக் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கையே கறுப்பினப் பாடசாலைகளுக்கு அளவாக வைத்தனர். இரு இனப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிப்பதை அவர்கள் ஆதரிக்கவில்லை. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட பிள்ளைகளுக்கு அது பேரிழப்பு. நல்ல எண்ணத்தோடு கொடுத்த பணமும், அதைப் பங்கிடுபவர்களின் மனதளவுக்கே போய்ச் சேரும்.

வில்லியம் வெட்மோர் ஸ்டோரி வடித்த சிலையை 1869 ஜூலையில் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். விக்டோரியா மகாராணி வழங்க முன்வந்த பட்டத்தை ஏற்க மறுத்த அந்த மனிதர், அதே ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி லண்டனில் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் அபேயில் தற்காலிகமாக வைக்கப்பட்ட உடல், பிரித்தானியப் போர்க்கப்பலான மொனார்க்கில் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டது.

சிலையை வழிப்போக்கர்கள் பார்த்தும் பாராமலும் கடந்துபோவார்கள். ஒரு பிள்ளைக்குக் கிடைத்த ஆசிரியரோ, ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த கூரையோ அப்படியல்ல. எனவே கொடுப்பவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: கட்டடத்தோடு நிறுத்தாமல் ஆசிரியரையும் உருவாக்குங்கள், கொடுத்த பணம் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்ததா என்று கணக்குக் கேளுங்கள்.