அலோயிஸ் ஆல்சைமர்

அலோயிஸ் ஆல்சைமர் (ஜூன் 14, 1864 – டிசம்பர் 19, 1915) ஜெர்மனியைச் சேர்ந்த மனநல மருத்துவரும் நரம்பு நோயியல் அறிஞரும் ஆவார். முதுமை மறதியின் மிகப் பரவலான வகையான ஆல்சைமர் நோய் இவரது பெயரால் அழைக்கப்படுகின்றது. மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகின்றார். எனினும் இவரது முதன்மையான கண்டுபிடிப்பு, கடுமையான மறதிக்கு உள்ளான ஒரு பெண்ணின் படுக்கையருகே அமர்ந்து எழுதிய குறிப்புகளில் இருந்தே தொடங்கியது.

இளமையும் கல்வியும்

ஆல்சைமர் பவேரியாவில் மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை எடுவார்ட் ஆல்சைமர் ஆவணங்களைச் சான்றளிக்கும் நோட்டரியாகப் பணியாற்றினார். பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பம் அஷாஃபன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெர்லின், டியூபிங்கன், வூர்ஸ்பர்க் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்ற ஆல்சைமர், காதுக் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றிய ஆய்வேட்டை அளித்து 1887 இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் மனநோயுற்ற பெண் ஒருவருக்குத் துணை மருத்துவராக ஐந்து மாதங்கள் உடன் பயணம் செய்தார்.

பிராங்க்ஃபுர்ட் மருத்துவமனையில்

1888 டிசம்பரில் பிராங்க்ஃபுர்ட் நகர மனநல மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அதன் இயக்குநர் எமில் சியோலி. நரம்பு உயிரணுக்களைச் சாயமேற்றிக் காணும் முறையை உருவாக்கிய பிரான்ஸ் நிசில் 1889 இல் அங்கு வந்து சேர்ந்தார்.

மனநோயாளிகளைக் கட்டி வைப்பதும் தனியறையில் அடைப்பதும் அக்காலத்தில் பல இடங்களில் வழக்கமாக இருந்தன. சியோலியும் அவருடன் பணியாற்றியோரும் இவற்றை இயன்றவரை குறைத்தனர். அமைதியிழந்த நோயாளிகளுக்கு நீண்ட நேர வெந்நீர்க் குளியலும் படுக்கை ஓய்வும் அளிக்கப்பட்டன. மணிக்கணக்காக நீரில் இருத்தும் அம்முறை இன்று வழக்கில் இல்லை. ஆயினும் வன்முறையின்றி நோயாளியைப் பேண வேண்டும் என்ற கொள்கை நிலைத்துவிட்டது. ஆல்சைமர் பகலில் நோயாளிகளுடன் உரையாடுவதையும், பிற நேரத்தில் நிசிலுடன் இணைந்து மூளைத் திசுக்களை ஆராய்வதையும் வழக்கமாகக் கொண்டிருந்தார்.

1894 இல் சிசிலி என்னும் கைம்பெண்ணை மணந்தார். இவர்களுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தனர். 1901 இல் சிசிலி காலமானார். ஆல்சைமரின் சகோதரி எலிசபெத் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார்.

ஆகஸ்டே டீட்டர்

அதே ஆண்டு நவம்பர் 25 அன்று ஆகஸ்டே டீட்டர் என்னும் 51 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இவரது கணவர் ரயில்வே எழுத்தர். காரணமற்ற பொறாமை முதலில் தோன்றியது. பின்னர் நினைவு விரைவாகக் குன்றியது. வீட்டுப் பொருட்களை இடம் மாற்றி ஒளித்து வைக்கலானார்.

மறுநாளே ஆல்சைமர் அவருடன் உரையாடத் தொடங்கினார். கேட்ட கேள்வியையும் பெற்ற விடையையும் உடனுக்குடன் எழுதிக் கொண்டார். கணவரின் பெயரைக் கேட்டபோது ஆகஸ்டே தம் பெயரையே கூறினார். எழுதுகோல், திறவுகோல் போன்றவற்றைக் காட்டியபோது சரியாகப் பெயர் கூறினார். சற்றுப் பின் அவற்றைக் கண்டதே அவருக்கு நினைவில்லை. உணவில் பூக்கோசும் பன்றி இறைச்சியும் உண்டுகொண்டிருந்தவர், தாம் உண்பது கீரை என்றார். தம் பெயரை எழுதச் சொன்னபோது முதற்சொல்லுடன் நின்றுவிட்டார். நோயின் பெயரை மட்டும் எழுதாமல், அந்த ஒரு பெண் எதை இழந்தார், எதை இன்னும் தக்க வைத்திருந்தார் என்பதையும் இக்குறிப்புகள் பதிவு செய்தன.

ஆல்சைமர் 1902 இல் ஹைடல்பர்க் சென்று எமில் கிரெப்பலினிடம் பணியாற்றினார். 1903 இல் அவருடன் மியூனிக் சென்றார். அங்கிருந்தும் ஆகஸ்டேயின் நிலையை அறிந்து வந்தார். இறுதிக் காலத்தில் ஆகஸ்டே கால்களை மடக்கியபடி படுத்த படுக்கையானார். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இருக்கவில்லை. பராமரிப்பு அளிக்கப்பட்டும் படுக்கைப்புண் ஏற்பட்டது. 1906 ஏப்ரல் 8 அன்று, 55 ஆவது வயதில் உயிரிழந்தார். படுக்கைப்புண் வழி ஏற்பட்ட குருதி நச்சுத்தன்மை மரணத்திற்குக் காரணமாயிற்று.

கண்டுபிடிப்பு

ஆகஸ்டேயின் மூளையும் மருத்துவக் குறிப்பேடும் மியூனிக்கிற்கு வரவழைக்கப்பட்டன. மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கியின் வெள்ளிச் சாயமேற்றும் முறையைப் பயன்படுத்திய ஆல்சைமர், மூளைப் புறணி சுருங்கியிருந்ததையும், நரம்பு உயிரணுக்களுக்குள் முறுக்கிய இழைச் சிக்கல்களையும், அவற்றுக்கு வெளியே படிவுகளையும் கண்டார். 1906 நவம்பரில் டியூபிங்கன் நகரில் நடந்த மனநல மருத்துவர் கூட்டத்தில் இதனை அறிவித்தார். கூடியிருந்தோர் இதில் ஆர்வம் காட்டவில்லை. 1907 இல் சுருக்கமான கட்டுரையாக வெளியிட்டார். 1910 இல் கிரெப்பலின் தம் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இந்நோய்க்கு ஆல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

இறுதிக் காலம்

1912 இல் பிரெஸ்லாவு (இன்று போலந்தின் விராட்ஸ்வாஃப்) பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அங்குச் செல்லும் வழியிலேயே நோயுற்றார். அதன் பின் முழுமையாகக் குணமடையவில்லை. 1915 டிசம்பர் 19 அன்று, 51 ஆவது வயதில் காலமானார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது ஆகஸ்டேயின் வயதும் அதுவே. பிராங்க்ஃபுர்ட் நகரில் மனைவியின் கல்லறைக்கு அருகே ஆல்சைமர் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலத் தாக்கம்

பல பத்தாண்டுகள் காணாமற்போயிருந்த ஆகஸ்டேயின் குறிப்பேடு 1995 இல் கொன்ராட் மவுரர் குழுவினரால் பிராங்க்ஃபுர்ட் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. மார்க்ட்பிரைட்டில் ஆல்சைமர் பிறந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது.

இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆகவே நோய் முற்றியவர்களுக்குச் செவிலியர் பராமரிப்பே முதன்மையானது. படுக்கைப்புண் வராமல் உடலை அடிக்கடி திருப்பிப் படுக்க வைத்தல், விழுங்கும் ஆற்றலுக்கேற்ப உணவூட்டல், சொற்கள் அற்றுப்போன பின் முகக்குறிப்பில் வலியை அறிதல் ஆகியன இதில் அடங்கும். பிரிட்டனின் பிராட்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் கிட்வுட் (1937–1998), மறதியுற்றவரை நோயாகப் பார்க்காமல் மனிதராகப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அவரவர் வாழ்க்கை வரலாறு, பழக்கவழக்கங்கள், விருப்பு வெறுப்புகள் ஆகியவற்றை அறிந்து அதற்கேற்பப் பேணும் முறை இக்கருத்தின் வழி பரவியது. இம்முறையில் செவிலியரின் முதற்பணி, நோயாளியின் அருகே அமர்ந்து கவனிப்பதும் கண்டதை எழுதி வைப்பதும் ஆகும். 1901 இல் ஆகஸ்டேயின் படுக்கையருகே ஆல்சைமர் செய்ததும் அதுவே.