வெள்ளிக் கிண்ணம் தந்த டேவிஸ்

பரிசு பெற்றுப் புகழடைந்த வீரர்களை உலகம் நன்கறியும். பரிசு ஒன்றை வழங்கியதனால், நூறாண்டு கடந்தும் பெயர் நிலைக்கப் பெற்ற வீரர் ஒருவர் உண்டு. அவர் டுவைட் டேவிஸ் என்னும் அமெரிக்கர். நாடுகளுக்கிடையே நடைபெறும் ஆடவர் டென்னிஸ் போட்டியில் வெல்லும் அணிக்கு உரிய டேவிஸ் கோப்பை அவர் அளித்ததே ஆகும். எங்கோ அமெரிக்க நாட்டில் வார்க்கப்பட்ட அக்கோப்பைக்கும், இந்தியாவின் தென்கோடியில் உள்ள நாஞ்சில் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. நாகர்கோவிலில் 1937ஆம் ஆண்டில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், இந்திய அணியின் முதல் வீரராக நின்று அக்கோப்பைக்காகப் போராடியவர். அவ்வரலாற்றைப் பின்னர்க் காண்போம். கோப்பை தந்தவரை முதலில் அறிதல் வேண்டும்.

கிளித்தட்டு ஆடியவர்கள் தரையிற் கோடு கிழித்து, அக்கோட்டைக் காத்து நிற்கும் முறையை அறிவர். டென்னிஸ் ஆட்டத்திலும் கோடுகளே எல்லை. களத்தின் நீளம் 78 அடி. ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடும்போது அகலம் 27 அடி. இருவர் இருவராக ஆடும்போது 36 அடி. குறுக்கே கட்டிய வலை நடுவில் மூன்றடி உயரம் நிற்கும். நரம்பு பின்னிய மட்டையால், எதிரி திருப்பி அனுப்ப இயலாதவாறு பந்தை வலைக்கு அப்பால் அடிப்பதே ஆட்டம். இது 1870களில் இங்கிலாந்தில் புல்தரை விளையாட்டாகத் தோன்றியது. சீராக வெட்டிய புல்தரையும், அதில் ஆடுவதற்கு ஓய்வும் உடையவர் யார்? செல்வர்களே. ஆதலின் நெடுங்காலம் இது செல்வர் வீட்டு விளையாட்டாகவே இருந்தது.

டேவிஸும் செல்வக் குடியிற் பிறந்தவரே. மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் லூயி நகரத்தில், 1879ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் அவர் இடக்கையால் மட்டை பிடித்து ஆடும் வலிய ஆட்டக்காரராக விளங்கினார். உடன் பயின்ற ஹோல்கம் வார்டு என்பவரோடு இணைந்து 1899, 1900, 1901 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்க நாட்டின் இரட்டையர் பட்டத்தை வென்றார். ஒற்றையர் ஆட்டத்தில் 1898ஆம் ஆண்டு இறுதிவரை சென்று தோற்றார். தோல்வியால் அவர் ஆட்டத்தை வெறுத்தாரல்லர்.

1899ஆம் ஆண்டுக் கோடையில் டேவிஸும் அவருடைய தோழர் சிலரும் அமெரிக்காவின் கீழ்க்கரையிலிருந்து புகைவண்டி ஏறி, நாட்டைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குச் சென்றனர். அங்குள்ள கலிபோர்னிய வீரர்களோடு ஆடுவதே அவர்கள் நோக்கம். சென்ற இடமெல்லாம் மக்கள் ஆர்வத்தோடு திரண்டு வந்து கண்டனர். ஒரே நாட்டின் இரு கரையினர் ஆடும் ஆட்டத்திற்கே இத்துணை வரவேற்பு உண்டாயின், இரு நாட்டினர் ஆடினால் எவ்வாறிருக்கும் என்னும் எண்ணம் டேவிஸின் உள்ளத்தில் எழுந்தது. அதற்கு மூன்றாண்டு முன்னரே ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டு புத்துயிர் பெற்றிருந்தது. ஆயினும் டென்னிஸ் ஆட்டத்தில் நாட்டின் பெயரால் அணி அனுப்பும் வழக்கம் வேரூன்றவில்லை.

எண்ணம் பலருக்குத் தோன்றும். அதனைச் செயலாக்குவோர் சிலரே. டேவிஸ் தம் கைப்பொருளைச் செலவிட்டு, பாஸ்டன் நகரத்து நகை வணிகர் வாயிலாக, 217 அவுன்சு எடையுள்ள அகன்ற வெள்ளிக் கிண்ணம் ஒன்றைச் செய்வித்தார். நம் கணக்கில் அஃது ஏறத்தாழ ஆறேமுக்கால் கிலோ ஆகும். அதனை 1900ஆம் ஆண்டில் அமெரிக்க டென்னிஸ் சங்கத்தாரிடம் ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது இருபது. தம் பெயரை அதற்குச் சூட்டவில்லை. அனைத்து நாட்டுப் புல்தரை டென்னிஸ் அறைகூவற் கோப்பை என்பதே அதற்கு இட்ட பெயர். அந்நீண்ட பெயரைச் சொல்லுவார் இல்லை. மக்கள் அதனை டேவிஸ் கோப்பை என்றே அழைக்கலாயினர்.

கிண்ணத்தைவிடப் போட்டிக்கு வகுத்த முறையே சிறந்த கொடை என்று கூறுதல் பொருந்தும். இரு நாடுகள் மோதும்போது ஒற்றையர் ஆட்டம் நான்கு, இரட்டையர் ஆட்டம் ஒன்று என ஐந்து ஆட்டங்கள், மூன்று நாட்களில் நடைபெறும். மூன்றில் வென்ற நாடே வென்றதாகும். ஒருவர் எத்துணைப் பெருவீரராயினும் ஒற்றையரில் இரண்டையே வெல்ல இயலும். மூன்றாவது வெற்றிக்குத் தோழர் ஒருவரின் தோள் வேண்டும். தனியொருவர் விளையாட்டாகிய டென்னிஸ் இம்முறையால் ஒரு நாட்டின் விளையாட்டாயிற்று. நூறாண்டுக்கு மேல் இம்முறையே வழங்கிவந்தது; அண்மையில், 2019ஆம் ஆண்டில், பெரிதும் மாற்றப்பட்டது.

முதற்போட்டி 1900ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாஸ்டனில் உள்ள லாங்வுட் ஆட்டக் களத்தில் நடைபெற்றது. அமெரிக்காவை எதிர்க்கப் பிரிட்டன் மூவரை அனுப்பியது. இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களாகிய டோகர்ட்டி உடன்பிறந்தார் அவ்வாண்டு வரவில்லை. வந்தவர்களோ போட்டியை எளிதாக எண்ணினர் போலும். ஆட்டத்திற்குப் பழகாமல் நயாகரா அருவியைக் காணச் சென்றனர்! களத்தில் இறங்கியபோது புல் நெடிதாக வளர்ந்திருந்தது. வலை தொய்ந்து கிடந்தது. வெயிலும் கடுமையாக இருந்தது. தரையில் விழுந்ததும் எதிர்பாராத பக்கம் எகிறும் அமெரிக்கரின் சுழற்பந்து அவர்களைத் திணறச் செய்தது. அமெரிக்க அணிக்குத் தலைமை தாங்கிய டேவிஸ், தம் முதல் ஆட்டத்தில் எர்னஸ்ட் பிளாக் என்பவரிடம் முதற்சுற்றை இழந்து, அடுத்த மூன்று சுற்றுகளையும் வென்றார். வார்டோடு இணைந்து இரட்டையர் ஆட்டத்திலும் வென்றார். அவருடைய மற்றோர் ஒற்றையர் ஆட்டம் நடக்கும்போது மழை வந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டது. அதற்குள் அமெரிக்கா மூன்று ஆட்டங்களை வென்றிருந்தது. இவ்வாறு கோப்பை கொடுத்தவர் அணிக்கே முதற்கோப்பை கிடைத்தது.

1902ஆம் ஆண்டில் டோகர்ட்டி உடன்பிறந்தார் நேரில் வந்தனர். இரட்டையர் ஆட்டத்தில் டேவிஸும் வார்டும் அவர்களிடம் தோற்றனர். ஆயினும் அமெரிக்கா கோப்பையைக் காத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு பிரிட்டன் அதனை வென்று, அட்லாண்டிக் கடலைக் கடந்து கொண்டு சென்றது. டேவிஸ் 1902க்குப் பின்னர் அக்கோப்பைக்காக ஆடவில்லை. 1904இல் பெல்ஜியமும் பிரான்சும் போட்டியிற் சேர்ந்தன. 1907இல் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் சேர்ந்த அணி வென்றது. ஆண்டுதோறும் வெற்றி பெற்ற நாட்டின் பெயரைப் பொறிக்கக் கிண்ணத்தில் இடம் போதவில்லை. அதன் அடியில் வைப்பதற்கு வெள்ளித்தட்டு ஒன்றையும் டேவிஸ் பின்னர் அளித்தார்.

ஊர் திரும்பிய டேவிஸ் 1903இல் சட்டப் பட்டம் பெற்றார். ஆயினும் வழக்குரைக்கச் செல்லவில்லை. பொதுப்பணியில் அவர் உள்ளம் சென்றது. 1911 முதல் 1915 வரை செயின்ட் லூயி நகரப் பூங்காக்களின் ஆணையராக இருந்தார். இந்நான்காண்டுப் பணியைப் பலர் விரைந்து கடந்து செல்வர். நாம் சற்று நின்று பார்த்தல் தகும். பூங்கா என்பது உலவுவதற்கும் மலரைக் காண்பதற்கும் உரிய இடம் என்றே அக்காலத்தில் கருதினர். டேவிஸ் அங்கே பந்தாட்டத் திடல்களையும் டென்னிஸ் களங்களையும் அமைத்தார். அமெரிக்காவில் நகராட்சி அமைத்த முதல் டென்னிஸ் களங்கள் அவையே என்பர். சங்கத்தில் உறுப்பினராகச் சேரப் பொருளில்லாத தொழிலாளியின் மகனும் மட்டையேந்தி உள்ளே வரலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. வெள்ளிக் கிண்ணத்தை அறிந்த உலகம் இதனை அறியாதிருப்பது வியப்பே.

இதற்கிடையே ஐரோப்பாவிற் போர் மூண்டது. 1914ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், அமெரிக்காவில் உள்ள பிட்ஸ்பர்க் நகரின் அருகே, ஜெர்மானிய வீரர் இருவர் ஆஸ்திரேலிய அணியோடு டேவிஸ் கோப்பைக்காக ஆடிக்கொண்டிருந்தனர். ஆட்டம் முடியும்வரை போர்ச்செய்தி அவர்கள் செவிக்கு எட்டாதவாறு காத்தனர் என்பர். ஆட்டம் முடிந்து கைகுலுக்கிப் பிரிந்தபின் ஜெர்மானியர் கப்பலேறினர். வழியில் பிரிட்டிஷாரால் சிறைப்படுத்தப்பட்டனர். அவர்களை எதிர்த்து ஆடியவருள் ஒருவர் நியூசிலாந்து நாட்டு அந்தோணி வில்டிங். நான்கு முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற அப்பெருவீரர், அடுத்த ஆண்டு மே திங்களில் பிரான்சுப் போர்க்களத்திற் குண்டடிபட்டு இறந்தார்.

நாடுகளை நட்பால் இணைக்கும் என்று நம்பித் தந்த கோப்பை போரைத் தடுக்கவில்லை. ஒரு கிண்ணத்தால் அது கூடுவதும் அன்று. டேவிஸ் தாமும் படையிற் சேர்ந்தார். முப்பத்தெட்டு வயதைக் கடந்த அவர் பிரான்சுக்குச் சென்று, 1918ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்த கடும்போரில் குண்டுமழைக்கு நடுவே தம் உயிரைப் பொருட்படுத்தாது பணியாற்றி, அரசின் உயரிய வீரப் பதக்கம் ஒன்றைப் பெற்றார். 1925ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசின் போர்த்துறைச் செயலாளராகி, 1929 வரை அப்பதவியில் இருந்தார். பின்னர் மூன்றாண்டுக் காலம், அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டிருந்த பிலிப்பைன் தீவுகளின் தலைமை ஆளுநராகப் பணியாற்றினார். நட்புக்காகக் கோப்பை ஈந்தவர் போர்த்துறைக்குத் தலைவரானதும், விடுதலை பெறாத ஒரு நாட்டை ஆண்டதும் முரணாகத் தோன்றலாம். அவர் வாழ்வில் இவை அருகருகே இருந்தன. வரலாறு கூறும்போது ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் முறையன்று.

இரண்டாம் உலகப்போர் வந்தபோதும் அக்கோப்பை ஆடுகளத்தில் இருந்தது. 1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகே அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இறுதிப்போட்டி ஆடின. போட்டி நடந்த நாட்களிலேயே ஆஸ்திரேலியா போரில் இறங்கியது. முதல் இரண்டு ஆட்டங்களையும் இழந்த ஆஸ்திரேலியர், எஞ்சிய மூன்றையும் வென்று கோப்பையைக் கொண்டு சென்றனர். அதன்பின் ஆறாண்டுகள் போட்டி நடைபெறவில்லை. 1945ஆம் ஆண்டு போர் ஓய்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள் டேவிஸ் வாசிங்டன் நகரில் மறைந்தார். தம் கோப்பைக்காக நாடுகள் மீண்டும் ஆடுவதைக் காண அவர் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில், ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரின் கூயோங் களத்தில் கோப்பை மீண்டும் ஆடுகளம் ஏறியது.

அதே கூயோங் களத்திற்கு இருபதாண்டு கழித்து நாஞ்சில் நாட்டிற் பிறந்தவர் வந்தார். இந்தியா இப்போட்டியிற் புகுந்தது 1921ஆம் ஆண்டில். அந்நியர் ஆட்சியில் இருந்த காலத்திலேயே நம் நாடு தன் பெயரால் அணி அமைத்துச் சென்று, பாரிஸ் நகரில் பிரான்சை வென்றது. ஆனால் இறுதிப்போட்டி நெடுநாள் எட்டாத கனியாகவே இருந்தது. அக்கால முறைப்படி முந்தைய ஆண்டு வென்ற நாடு ஆடாது காத்திருக்கும். மற்ற நாடுகள் தம்முள் மோதி, எஞ்சி நிற்கும் ஒன்றே அதனை அறைகூவும் உரிமை பெறும்.

கிருஷ்ணன் பிறந்தபோது நாகர்கோவில் திருவாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டிலேதான் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தது. அவருடைய தந்தையார் டி. கே. இராமநாதன் சிறந்த டென்னிஸ் வீரர். மகனுக்கு ஆசானும் அவரே. 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்ற கிருஷ்ணன், 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கு அரையிறுதி வரை சென்றார். வலிமையால் அடிப்பதினும் மென்மையாகத் தொட்டுப் பந்தை வேண்டிய இடத்தில் வைப்பதே அவர் ஆட்டத்தின் அழகு.

1966ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது இரு நாடுகளும் இரண்டிரண்டு வென்றிருந்தன. ஐந்தாம் ஆட்டத்தில் கிருஷ்ணனை எதிர்த்தவர் தாமஸ் காக். முதல் மூன்று சுற்றுகளில் இரண்டை இழந்த கிருஷ்ணன், நான்காம் சுற்றிலும் 2க்கு 5 எனப் பின்தங்கினார். இன்னும் ஓர் ஆட்டப்பிரிவை இழந்தால் எல்லாம் முடிந்துவிடும். அந்நிலையிலிருந்து தொடர்ந்து ஐந்து பிரிவுகளை வென்று சுற்றைக் கைப்பற்றினார். கடைசிச் சுற்றையும் 6க்கு 2 என வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்றது. டிசம்பர் இறுதியில் கூயோங்கில் ஆஸ்திரேலியா நான்கு ஆட்டங்களை வென்று கோப்பையைக் காத்துக்கொண்டது. இந்தியா வென்ற ஒன்று இரட்டையர் ஆட்டம். 1965ஆம் ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற நியூகோம்பையும் ரோச்சையும், கிருஷ்ணனும் வங்கத்து ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து வீழ்த்தினர்.

இந்தியா பின்னும் இருமுறை இறுதிப்போட்டிக்கு வந்தது. 1987இல் கிருஷ்ணனின் மகன் இரமேஷும் சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் உடன்பிறந்தாரும் இடம்பெற்ற அணி சுவீடனிடம் தோற்றது. அதற்கு முன்னர், 1974ஆம் ஆண்டில், இந்தியாவோடு இறுதியில் மோதவிருந்த நாடு தென்னாப்பிரிக்கா. கோப்பையை வெல்லும் வாய்ப்பு அவ்வாண்டு இந்தியாவுக்கு இருந்தது. ஆனால் அந்நாட்டு அரசு மக்களை நிறத்தால் பிரித்து ஒடுக்கிவந்தது. இந்தியா ஆட மறுத்துவிட்டது. டேவிஸ் தந்த கோப்பையில் அவ்வாண்டுக்கு உரிய பெயர் தென்னாப்பிரிக்கா. அந்த இறுதிப்போட்டியில் ஒரு பந்துகூட அடிக்கப்படவில்லை.